4294967297: பத்து இலக்கத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கிற 641

ஒரு பெரிய நம்பரைக் கையில குடுத்து இதோட குணம் என்னன்னு கேட்டா முதல்ல என்ன பண்ணுவோம்? ஒத்தைப்படையா இரட்டைப்படையான்னு பாப்போம், இலக்கம் எல்லாத்தையும் கூட்டி 3ஆல வகுபடுதான்னு பாப்போம், கடைசியில 0 இல்லன்னா 5 இருந்தா 5ஆல வகுபடும்னு சொல்வோம், பெரும்பாலானவங்களுக்கு அதோட கை ஓஞ்சிடும். அதுக்கு மேலயும் ஒரு நம்பருக்குள்ள இறங்கிப் பாக்க வழி இருக்கு, அதுக்கு கம்ப்யூட்டர் கூட வேண்டாம், பேப்பரும் பேனாவும் போதும். அதைக் காட்ட ஒரே ஒரு நம்பரை மட்டும் எடுத்துக்கறேன்: 4294967297. நம்ம கணக்குல சொன்னா 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297.

இந்த நம்பரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கு. கணித வரலாற்றுலயே பெரிய ஆள் ஒருத்தர் இதைப் பகா எண்ணுன்னு நம்பினார், அதாவது 1ஐயும் தன்னையும் தவிர வேற எதாலயும் மீதி இல்லாம வகுபடாத ப்ரைம் நம்பர்னு. கிட்டத்தட்ட 90 வருஷம் அது தப்புன்னு யாரும் காட்டல. அதைத் தப்புன்னு காட்டின கணக்கை இன்னிக்கு ஸ்கூல் படிக்கிற பசங்க கூட அஞ்சு நிமிஷத்துல போட்டுடலாம். நான் சொல்ல வர்றதும் இதுதான்: பெரிய நம்பரை அதோட இலக்கத்தை வச்சுப் புரிஞ்சுக்க முடியாது, அது எப்படி உண்டாச்சுங்கற அமைப்பைப் பிடிச்சா உள்ள போற வழி தானா கிடைக்கும்.

முதல்ல மேலோட்டமான சோதனைகளை வேகமா முடிச்சிடலாம். கடைசி இலக்கம் 7, அதனால 2ம் இல்ல 5ம் இல்ல. இலக்கங்களைக் கூட்டினா 4+2+9+4+9+6+7+2+9+7 = 59, இதை 3ஆல வகுத்தா 2 மிச்சம், அப்போ 3ம் இல்ல. அடுத்து 7, 11, 13 மூணையும் ஒரே தடவையில பாக்க ஒரு அருமையான வழி இருக்கு, நிறைய பேருக்கு ஏனோ இது தெரியறதில்ல. வலது பக்கத்துல இருந்து மூணு மூணு இலக்கமா பிரிச்சுக்கணும், 297, 967, 294, 4. அப்புறம் மாத்தி மாத்திக் கழிச்சுக் கூட்டணும்:

297 − 967 + 294 − 4 = −380

மைனஸை விட்டுடுங்க, 380ஐ 7ஆல வகுத்தாலும் 11ஆல வகுத்தாலும் 13ஆல வகுத்தாலும் மீதி வருது, அப்போ நம்ம நம்பரும் இந்த மூணாலயும் வகுபடாது. ஏன் இது வேலை செய்யுதுன்னா 7 × 11 × 13 = 1001, ஆயிரம்ங்கறது 1001ஐ விட ஒண்ணு கம்மி, அதனால ஒவ்வொரு மூணு இலக்கம் தாண்டும்போதும் குறி பிளஸ்ல இருந்து மைனஸுக்குத் திரும்புது, அவ்வளவுதான்.

இப்படியே 17, 19, 23ன்னு ஒவ்வொரு ப்ரைமா வகுத்துக்கிட்டே போலாமே, எது வரைக்கும் போகணும்? வர்க்கமூலம் வரைக்கும் போனா போதும், ஏன்னா ஒரு நம்பர் ரெண்டு நம்பரோட பெருக்கமா இருந்தா அதுல சின்னது வர்க்கமூலத்தைத் தாண்ட முடியாது. 65536ஐ 65536ஆல பெருக்கினா 4294967296 வரும், நம்மளோடதுக்கு சரியா ஒண்ணு கம்மி. அதனால 65536 வரைக்கும் இருக்கிற ப்ரைம் எல்லாத்தையும் சோதிக்கணும், அப்படி மொத்தம் 6542 ப்ரைம் இருக்கு. கம்ப்யூட்டருக்கு இது ஒரு நொடி வேலை கூட கிடையாது, ஆனா கையால போடணும்னா 6542 பெரிய வகுத்தல் கணக்கு, 1600கள்ல உக்காந்து போடறவங்களை நினைச்சுப் பாருங்க.

சரி, இப்போ இந்த நம்பர் எங்க இருந்து வந்துச்சுன்னு பாக்கலாம். 2ஐ 32 தடவை எழுதி எல்லாத்தையும் பெருக்கினா, அதாவது 2³², 4294967296 வரும். அதோட 1 சேத்தா நம்ம நம்பர். 2ஓட அடுக்குல 1 கூட்டினா எப்போ ப்ரைம் வரும்ங்கறது பழைய கேள்வி. அடுக்குல 1ஐ விடப் பெரிய ஒத்தைப்படைக் காரணி இருந்தா வராதுன்னு ஈஸியா காட்டலாம், உதாரணத்துக்கு 2¹² + 1 = 4097, இதுல 12 = 4 × 3, அந்த 3 இருக்கறதால 2⁴ + 1 அதாவது 17 இதை வகுத்துடும், 17 × 241 = 4097. அப்போ ப்ரைமா வர வாய்ப்பு இருக்கணும்னா அடுக்கே 1, 2, 4, 8, 16, 32ன்னு இரட்டிப்பா போற நம்பரா மட்டும்தான் இருக்கணும். அப்படிப் போட்டா:

2¹ + 1 = 3
2² + 1 = 5
2⁴ + 1 = 17
2⁸ + 1 = 257
2¹⁶ + 1 = 65537
2³² + 1 = 4294967297

முதல் அஞ்சும் ப்ரைம். பியர் டி ஃபெர்மாங்கற பிரெஞ்சுக்காரர், தொழில்ல வக்கீல், 1640ல எழுதின கடிதங்கள்ல இந்த வரிசையில வர்ற எல்லாமே ப்ரைம்தான்னு தான் நம்பறதா எழுதினார், நிரூபணம் கையில இல்லன்னும் சொன்னார். அதனால இதுக்கெல்லாம் ஃபெர்மா எண்கள்னே பேரு, எண்ணிக்கையை 0ல இருந்து ஆரம்பிச்சு நம்ம நம்பரை அஞ்சாவது ஃபெர்மா எண்ணுன்னு சொல்வாங்க. 1729 டிசம்பர்ல கோல்ட்பாக்ங்கறவர் இளைஞரா இருந்த ஆய்லருக்குக் கடிதம் எழுதி, ஃபெர்மா இப்படிச் சொல்லியிருக்காரே உனக்குத் தெரியுமான்னு கேட்டார். ஆய்லர் முதல்ல பெருசா கண்டுக்கல, அப்புறம் உக்காந்து பாத்து 1732ல பதில் சொல்லிட்டார்: 4294967297 = 641 × 6700417.

இதை நம்பறதுக்கு 4294967297ஐ 641ஆல நீளமா வகுத்துப் பாக்கலாம், ஆனா அதை விட அழகான வழி மீதியை மட்டும் வச்சு விளையாடறது. கடிகாரத்துல 12 தாண்டினா திரும்ப 1ல இருந்து எண்ணற மாதிரி, இங்க 641 வந்ததும் திரும்ப 0ன்னு வச்சுக்கங்க. எந்த நம்பரா இருந்தாலும் 641ஆல வகுத்து வர்ற மீதிதான் நமக்கு முக்கியம், மிச்சத்தைத் தூக்கிப் போட்டுடலாம். இதுல உள்ள பெரிய வசதி என்னன்னா, நடுவுல எப்போ வேணா மீதியா சுருக்கிட்டு அதுக்கு அப்புறம் பெருக்கினாலும் கடைசியா வர்ற மீதி மாறவே மாறாது. அதனால நம்பர் பெருசாகவே விடாம 2³² வரைக்கும் போயிடலாம். பாருங்க:

2⁸ = 256
2¹⁶ = 256 × 256 = 65536. இதுல 641 × 102 = 65382 போக மீதி 154.
2³² க்கு 154 × 154 = 23716. ஆனா 641 × 37 = 23717.

கடைசி வரியை நிதானமா பாருங்க. 23716, அதுக்கு அடுத்த நம்பர் 23717 தான் 641ஓட மடங்கு. ஒண்ணே ஒண்ணு கம்மி! அப்போ 2³²ஐ 641ஆல வகுத்தா மீதி 640, இல்ல வேற மாதிரி சொன்னா −1. அதோட 1 கூட்டினா மீதி 0. முடிஞ்சது, 2³² + 1 சுத்தமா 641ஆல வகுபடுது. பத்து இலக்க நம்பரைத் தொடவே இல்ல, நாம போட்ட பெரிய பெருக்கலே 256 × 256 தான். எனக்கு எண் கோட்பாட்டுல ரொம்பப் பிடிச்ச மூணு வரி இது.

இன்னொரு நிரூபணமும் இருக்கு, இன்னும் சின்னது. 641ஐ ரெண்டு விதமா எழுதலாம்: 5 × 128 + 1, அப்புறம் 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. முதல் வடிவத்துல இருந்து 5 × 2⁷ ங்கறது மீதி கணக்குல −1. இதை நாலாவது அடுக்குக்கு உயர்த்தினா 5⁴ × 2²⁸ = 1. ரெண்டாவது வடிவத்துல இருந்து 5⁴ = −2⁴. அதை உள்ள வச்சா −2⁴ × 2²⁸ = 1, அதாவது 2³² = −1. வகுத்தலே இல்லாம வந்துடுச்சு. ஆனா ஒண்ணு, இது 641 தெரிஞ்சதுக்கு அப்புறம் அழகா செதுக்கின நிரூபணம், 641ஐ எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு இது சொல்லாது.

அந்தக் கேள்விதான் உண்மையில சுவாரஸ்யம். 641 வரைக்கும் 116 ப்ரைம் இருக்கு, ஆய்லர் ஒவ்வொண்ணா வகுத்துக்கிட்டு வந்திருக்கணுமா? அவசியமே இல்ல. இதுக்கு 2ஓட அடுக்குகள் மீதி கணக்குல எப்படிச் சுத்துதுன்னு கொஞ்சம் பாக்கணும். சின்னதா 17ஐ எடுத்துக்கலாம். 2, 4, 8, 16ன்னு இரட்டிப்பாக்கிக்கிட்டே போய் 17ஆல வகுத்த மீதியை மட்டும் எழுதினா:

2, 4, 8, 16, 15, 13, 9, 1, திரும்பவும் 2, 4, 8...

எட்டு படியில ஒரு சுத்து முடிஞ்சு 1க்கு வந்துடுது. பாதி வழியில, அதாவது நாலாவது படியில, 16 இருக்கு, அது −1. 2⁴ + 1 ங்கறது 17ஆல வகுபடுதுங்கறதும் இதுவும் ஒரே விஷயம்தான். இன்னொண்ணையும் கவனிங்க, சுத்தோட நீளம் 8, அது 17 − 1 = 16ஐ மீதி இல்லாம வகுக்குது. இது தற்செயல் கிடையாது, 2ஐத் தவிர எந்த ப்ரைமை எடுத்தாலும் சுத்தோட நீளம் அந்த ப்ரைமை விட ஒண்ணு கம்மியான நம்பரை வகுத்தே தீரும். 7ஐ எடுத்தா 2, 4, 1ன்னு மூணு படி, 3 போய் 6ஐ வகுக்குது. இதுக்கு ஃபெர்மாவோட சிறிய தேற்றம்னு பேரு.

இப்போ இதை நம்ம நம்பருக்குத் திருப்புங்க. ஏதோ ஒரு ப்ரைம் 2³² + 1ஐ வகுக்குதுன்னு வச்சுக்குவோம். அப்போ அந்த ப்ரைமோட மீதி கணக்குல 2³² = −1, அதை வர்க்கமாக்கினா 2⁶⁴ = 1. அதாவது 32வது படியில −1, 64வது படியில 1. சுத்தோட நீளம் 64ஐ வகுக்கணும், அதே சமயம் 32 படிக்குள்ள முடிஞ்சிடக் கூடாது, முடிஞ்சிருந்தா 32வது படியில 1 தானே வந்திருக்கணும்? அப்போ நீளம் சரியா 64. அந்த 64 போய் ப்ரைமை விட ஒண்ணு கம்மியான நம்பரை வகுக்கணும். முடிவு என்னன்னா, நம்ம நம்பரோட எந்த ப்ரைம் காரணியும் 64ஓட மடங்கு கூட்டல் 1ங்கற வடிவத்துல மட்டும்தான் இருக்க முடியும். வரிசையா எழுதிப் பாருங்க:

65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641

இதுல 65, 129, 321, 385, 513 ப்ரைம் இல்ல, தூக்கிடலாம். மிச்சம் 193, 257, 449, 577, 641. மேல பண்ண மாதிரியே வர்க்கம் எடுத்து எடுத்து மீதி பாத்தா 2³² + 1ஐ 193ஆல வகுத்தா 109 மீதி, 257ஆல வகுத்தா 2, 449ஆல வகுத்தா 325, 577ஆல வகுத்தா 288, அஞ்சாவது முயற்சியில 641, மீதி 0. 116 வகுத்தல் இருக்கவேண்டிய இடத்துல அஞ்சே அஞ்சு!

இங்க ஒரு விஷயம் எனக்கு எப்பவும் ஆச்சரியம். அந்தச் சிறிய தேற்றத்தை 1640லயே சொன்னது ஃபெர்மாதான். அதே வருஷம் அதே மாதிரி யோசனையை வச்சு 2³⁷ − 1 ங்கற 12 இலக்க நம்பரை 223ஆல வகுக்கலாம்னும் கண்டுபிடிச்சிருக்கார். ஆயுதம் கையில இருந்துச்சு, அஞ்சு கணக்கு தூரத்துல விடை இருந்துச்சு, ஆனாலும் தப்பிடுச்சு. அவ்வளவு பெரிய ஆளுக்கும் அஞ்சு உதாரணம் ஒத்துப்போனது ஆறாவதை நம்ப வச்சிடுச்சு.

பின்னாடி 19ம் நூற்றாண்டுல எட்வார்ட் லூகாஸ் இன்னும் ஒரு படி போய், 64க்கு பதிலா 128ஓட மடங்கு கூட்டல் 1ன்னு எடுத்தா போதும்னு காட்டினார். அப்படிப் பாத்தா பட்டியல் 129, 257, 385, 513, 641ன்னு ஆகுது, இதுல ப்ரைம் 257ம் 641ம் மட்டும்தான். 257 ஏற்கனவே ஃபெர்மா எண், ரெண்டு வேற வேற ஃபெர்மா எண்ணுக்குப் பொதுக் காரணி 1ஐத் தவிர இருக்கவே முடியாது, ஏன் முடியாதுன்னு கொஞ்ச நேரத்துல சொல்றேன். அப்போ 257ம் போச்சு, சோதிக்க வேண்டிய முதல் நம்பரே 641!

சரி, 641 ப்ரைம், அது ஓகே. இன்னொரு காரணி 6700417 ப்ரைமா? இதுக்கும் அதே தந்திரம்தான். 6700417ஓட காரணி எதுவா இருந்தாலும் அது நம்ம பெரிய நம்பரோட காரணியும்தானே, அதனால அதுவும் 128ஓட மடங்கு கூட்டல் 1 வடிவத்துலதான் இருக்கணும். 6700417ஓட வர்க்கமூலம் 2588 சொச்சம். அதுக்குள்ள இந்த வடிவத்துல இருக்கிற ப்ரைம் 257, 641, 769, 1153, 1409 மட்டும்தான். 257ஐ ஏற்கனவே தள்ளியாச்சு. மிச்ச நாலுக்கும் மீதி பாத்தா 641க்கு 44, 769க்கு 120, 1153க்கு 334, 1409க்கு 622. எதுவும் 0 இல்ல. நாலு வகுத்தல்ல 67 லட்சத்துச் சொச்சம் ப்ரைம்னு உறுதியாயிடுச்சு.

இவ்வளவு தெரிஞ்சதும் இந்த நம்பரோட மத்த குணமெல்லாம் மளமளன்னு வந்துடும். வகுஎண்கள் மொத்தம் நாலு: 1, 641, 6700417, அப்புறம் அதுவே. நாலையும் கூட்டினா 4301668356. தன்னை விட்டுட்டு மிச்ச மூணைக் கூட்டினா 6701059 தான் வருது, நம்பரை விட ரொம்ப ரொம்பக் கம்மி, இந்த மாதிரி நம்பரைக் குறை எண்ணுன்னு சொல்வாங்க. 1ல இருந்து இது வரைக்கும் இருக்கிற நம்பர்கள்ல இதோட பொதுக் காரணி இல்லாதது எத்தனைன்னு கேட்டா 640 × 6700416 = 4288266240, கிட்டத்தட்ட 99.84 சதவீதம். ரெண்டே ப்ரைமோட பெருக்கமா இருக்கிற நம்பர்கள் இப்படித்தான், வெளியில இருந்து பாத்தா ப்ரைம் மாதிரியே நடந்துக்கும். இன்டர்நெட்ல ரகசியத்தைப் பாதுகாக்கிற ஆர்எஸ்ஏ முறை இந்தக் குணத்தை வச்சுத்தான் ஓடுது, அங்க நம்பர் 600 இலக்கத்தைத் தாண்டும், அதனால காரணி கண்டுபிடிக்கறது நடைமுறையில முடியாத காரியம். அந்த முறையில வழக்கமா பயன்படுத்தற ஒரு அடுக்கு எண் 65537, நம்ம வரிசையில இதுக்கு முன்னாடி வந்த அதே ஃபெர்மா எண்.

ப்ரைம் மாதிரி நடந்துக்கறதுன்னு சொன்னேன்ல, அதுக்கு இதுல இன்னும் அழுத்தமான சாட்சி இருக்கு. ஒரு நம்பர் ப்ரைமான்னு பாக்க, 2ஐ அந்த நம்பரை விட ஒண்ணு கம்மியான அடுக்குக்கு உயர்த்தி, அந்த நம்பராலயே வகுத்து மீதி 1 வருதான்னு பாக்கறது ஒரு சோதனை. ப்ரைமா இருந்தா கண்டிப்பா 1 வரும், வரலன்னா அது ப்ரைம் இல்லவே இல்ல. நம்ம நம்பர் இந்தச் சோதனையில பாஸ் ஆயிடும்! ஏன்னா 64 படிக்கு ஒரு தடவை 1 வருது, 4294967296 ங்கறது 64ஓட மடங்கு, அதனால மீதி 1 தான். இப்படி ஏமாத்தற நம்பர்களுக்குப் போலிப் பகா எண்கள்னு பேரு. ஆனா 2க்கு பதிலா 3ஐ வச்சு அதே சோதனையைப் பண்ணா மீதி 3029026160 வரும், அது 1 இல்ல, மாட்டிக்கும். 3ஐ வச்சு ஃபெர்மா எண்களைச் சோதிக்கிற முறையை 1877ல பெப்பின்ங்கறவர் சரியா வகுத்துக் குடுத்தார், இதுல காரணி என்னன்னே தெரியாம ப்ரைமா இல்லையான்னு மட்டும் தீர்ப்பு வந்துடும்.

காரணி தெரியாமலே ப்ரைம் இல்லன்னு சொல்ல இன்னொரு வழி, ரெண்டு வர்க்கங்களோட கூட்டல். 65536² + 1² = 4294967297, இது பாத்த உடனே தெரியும். ஆனா இன்னொரு விதமாவும் எழுதலாம்:

62264² + 20449² = 3876805696 + 418161601 = 4294967297

ஒரு ப்ரைமை ரெண்டு வர்க்கங்களோட கூட்டலா எழுத முடிஞ்சா ஒரே ஒரு விதமாத்தான் எழுத முடியும். ரெண்டாவது விதம் கிடைச்சிடுச்சுன்னாலே அது ப்ரைம் இல்ல. அதோட நிக்காம காரணியையும் இதுல இருந்தே எடுக்கலாம். 65536ல இருந்து 62264ஐக் கழிச்சா 3272. இன்னொரு ஜோடியைக் கூட்டினா 20449 + 1 = 20450. ரெண்டையும் பொதுக் காரணி 818ஆல சுருக்கினா 4, 25. இப்போ 4² + 25² = 16 + 625 = 641! வேற வாசல் வழியா உள்ள போனாலும் அதே 641 முன்னாடி வந்து நிக்குது. இதுவும் ஆய்லர் கையாண்ட முறைதான்.

இப்போ பக்கத்து நம்பர்களையும் பாக்கணும், இங்கதான் எனக்கு இந்த நம்பர் மேல இருக்கிற பிரியம் அதிகமாச்சு. முன்ன வந்த அஞ்சு ஃபெர்மா எண்ணையும் பெருக்குங்க: 3 × 5 = 15, அது 17ஐ விட ரெண்டு கம்மி. 15 × 17 = 255, அது 257ஐ விட ரெண்டு கம்மி. 255 × 257 = 65535, 65537ஐ விட ரெண்டு கம்மி. 65535 × 65537 = 4294967295, நம்ம நம்பரை விட ரெண்டு கம்மி. அதனால முன்னாடி வந்த எந்த ஃபெர்மா எண்ணால நம்ம நம்பரை வகுத்தாலும் மீதி 2 தான் வரும், மேல 257க்கு மீதி 2 வந்தது ஞாபகம் இருக்கா? எல்லாமே ஒத்தைப்படை, அதனால பொதுக் காரணி இருக்க வழியே இல்ல. அப்போ பாக்கி வச்ச காரணம் இதுதான்.

இந்த 4294967295க்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 1796ல 18 வயசுல இருந்த காஸ், 17 பக்கம் கொண்ட ஒழுங்கான பலகோணத்தை வெறும் அளவுகோல், காம்பஸ் வச்சே வரைய முடியும்னு கண்டுபிடிச்சார். எத்தனை பக்கம் இருந்தா வரையலாம்னு அவர் சொன்ன விதியை, வேற எதுக்கும் முடியாதுன்னு 1837ல வான்ட்செல் நிரூபிச்சு முழுசாக்கினார்: பக்கத்தோட எண்ணிக்கை 2ஓட அடுக்கும் வேற வேற ஃபெர்மா ப்ரைம்களும் சேர்ந்த பெருக்கமா இருக்கணும். இன்னிக்குத் தெரிஞ்ச ஃபெர்மா ப்ரைம் அந்த அஞ்சுதான். அதனால வரைய முடியும்னு நமக்குத் தெரிஞ்ச, ஒத்தைப்படைப் பக்கம் கொண்ட பலகோணங்கள்ல பெருசு 4294967295 பக்கம் கொண்டது. அடுத்தது 4294967296, அது 2³², பாதி பாதியா பிரிச்சுக்கிட்டே போனா வந்துடும், அதுவும் முடியும். அதுக்கும் அடுத்தது நம்ம 4294967297, இது முடியாது, 641 ஃபெர்மா ப்ரைம் இல்லையே. அடுத்தடுத்து நிக்கிற மூணு நம்பர், முதல் ரெண்டும் வரையலாம், மூணாவது முடியாது.

கம்ப்யூட்டர்ல வேலை செய்யறவங்களுக்கு இந்தப் பக்கத்து நம்பர்கள் நல்லாவே பரிச்சயம். 32 பிட்ல மொத்தம் 4294967296 வித்தியாசமான மதிப்பு வைக்கலாம், 0ல இருந்து 4294967295 வரைக்கும், இன்டர்நெட்ல கம்ப்யூட்டர்களுக்குக் குடுக்கிற ஐபிவி4 முகவரிகளோட மொத்த எண்ணிக்கையும் அதுதான், ஃபேட்32 டிஸ்க்ல ஒரு ஃபைல் 4294967295 பைட்டுக்கு மேல போக முடியாததும் இதனாலதான். நம்ம நம்பரைக் குறி இல்லாத 32 பிட் மாறியில போட்டா வெறும் 1 தான் மிஞ்சும். பைனரில எழுதினா ரெண்டு ஓரத்துலயும் 1, நடுவுல 31 சைபர், 16ஐ அடிப்படையா வச்சு எழுதினா 100000001. நம்ம பத்து அடிமானத்துல எந்த ஒழுங்கும் தெரியாத இந்த நம்பர் தன்னோட சொந்த அடிமானத்துல எவ்வளவு சீரா இருக்குன்னு பாருங்க.

கையால கணக்குப் போட்ட காலத்துல இன்னொரு சம்பவமும் பதிவாகியிருக்கு. அமெரிக்காவுல 1804ல பொறந்த ஜெரா கோல்பர்ன்ங்கற பையன் மனக்கணக்குல பேர் போனவன், 1812ல அவனை லண்டனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க இதே 4294967297ஐக் குடுத்துக் காரணி கேட்டதுக்கு 641ஆல வகுபடும்னு மனசுலயே போட்டுச் சொல்லியிருக்கான், எட்டு வயசுல.

அப்போ ஃபெர்மா வரிசையில மேல என்ன ஆச்சு? 2⁶⁴ + 1 = 18446744073709551617, 20 இலக்கம், இதுவும் ப்ரைம் இல்ல, 1880ல லாண்ட்ரி இதோட காரணிகளை வெளியிட்டார்: 274177 × 67280421310721. அடுத்தது 39 இலக்கம், அதை முழுசா பிரிக்க 1970 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது, மோரிசனும் பிரில்ஹார்ட்டும் கம்ப்யூட்டர் வச்சுப் பிரிச்சாங்க. நம்ம அஞ்சாவதுல இருந்து 32வது வரைக்கும் எல்லாமே ப்ரைம் இல்லன்னு தெரிஞ்சாச்சு. இதுல 20வதும் 24வதும் இன்னும் விசித்திரம், ரெண்டும் ப்ரைம் இல்லன்னு உறுதி, ஆனா ஒரு காரணி கூட இன்னும் யாருக்கும் கிடைக்கல. 33வதைப் பத்தி இன்னும் எந்தத் தீர்ப்பும் இல்ல. 65537க்கு மேல ஃபெர்மா ப்ரைம் ஒண்ணாவது இருக்காங்கற கேள்வி திறந்தே கிடக்கு.

ஆறாவதை, அதாவது 2⁶⁴ + 1ஐ, நீங்களே கையால சரி பாக்கலாம், அதே மூணு வரி தந்திரம்தான், நம்பர் மட்டும் கொஞ்சம் பெருசு. 274177 ங்கறது 256 × 1071 + 1, அதாவது லூகாஸ் சொன்ன வடிவத்துலயே இருக்கு, அஞ்சாவதுக்கு 128ன்னா ஆறாவதுக்கு அதோட இரட்டிப்பு 256. 2¹⁶ = 65536ல இருந்து ஆரம்பிங்க. அதை வர்க்கமாக்கினா நமக்குப் பழகின 4294967296, அதை 274177ஆல வகுத்தா மீதி 258768. இதை அப்படியே வர்க்கமாக்காம 274177ல இருந்து கழிச்சா 15409, அதாவது மீதி −15409ன்னு வச்சுக்கலாம், வேலை பாதியா குறையும். இப்போ 15409 × 15409 = 237437281. அப்புறம் 274177 × 866 எவ்வளவுன்னு போட்டுப் பாருங்க, 237437282 வரும், திரும்பவும் சரியா ஒண்ணு வித்தியாசம்.